நாட்டின் அந்தக் கோடியிலிருந்து வீட்டுக்கு: பைக்கை ஓட்டியே வருவதா, அனுப்பிவிடுவதா?

படிப்போ வேலையோ முடிந்துவிட்டது. அறையைக் காலி செய்தாயிற்று. துணிமணி இரண்டு பையில் அடங்கிவிடும். மிச்சம் இருப்பது பைக் மட்டும்தான். வீடோ நாட்டின் இன்னொரு கோடியில் இருக்கிறது. இந்த நிலையில் இருக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேராவது ஆண்டுதோறும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "தனியா ஓட்டிக்கிட்டே போயிடலாமா?"

கேட்கும் குரலிலேயே ஆசை தெரியும். எனக்கும் அது புரியும். இப்படி நான்கு முறை வீடு திரும்பியிருக்கிறேன். மூன்று முறை ஓட்டி, ஒரு முறை வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு. அதனால் "போ" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வராது. எப்படிப் போகலாம் என்பதில் குறைந்தது நான்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு ஆளுக்கு, வேறு சூழ்நிலைக்குப் பொருந்தும்.

கணக்குக்காக ஒரு தூரத்தை வைத்துக்கொள்வோம்: 2400 கிமீ. ஓட்டுபவர் ஒருவர், நல்ல நிலையில் உள்ள நடுத்தர பைக், நெடுஞ்சாலை பெரும்பகுதி. உங்கள் தூரம் கூடலாம், குறையலாம். வகுத்துப் பார்க்கும் முறை அதேதான்.

## முதலில், எதை வைத்து முடிவு செய்வது?

வீட்டில் ஒரு தேதி காத்திருக்கிறதா? எல்லாரும் தூரத்தில் தொடங்குகிறார்கள், அப்புறம் வண்டியின் சிசிக்குப் போகிறார்கள். நான் முதலில் கேட்பது தேதியைத்தான். தங்கையின் திருமணம், புது வேலையில் சேரும் நாள், அப்பாவின் அறுவை சிகிச்சை என்று நகர்த்த முடியாத ஒரு நாள் அந்தப் பக்கம் இருந்தால், அது ஹேண்டில்பாரில் உங்களோடு சேர்ந்து கை வைத்திருக்கும். மழையில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடாது. கண் சொருகும்போது "இன்னும் ஐம்பது கிலோமீட்டர்தானே" என்று சொல்ல வைக்கும். நான் பார்த்த மோசமான முடிவுகளில் பெரும்பாலானவை இந்தத் தேதியிலிருந்துதான் கிளம்பின.

உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும்? கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், மணி நேரத்தில் போடுங்கள். நல்ல சாலையில் வேகமானி முள் 90-இல் நின்றாலும், ஊர்கள், டிராபிக், வேகத்தடை எல்லாம் சேர்ந்து உண்மையான சராசரி 65-ஐத் தாண்டுவது கடினம். இருவழிச் சாலை என்றால் 50 என்று வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். மூடிய கேபினில், மெத்தை சீட்டில் உட்கார்ந்து, அதையே தொழிலாகச் செய்பவருக்கு வைத்த எல்லை அது. நமக்குக் காற்று, வெயில், அதிர்வு எல்லாம் நேராக மார்பில் அடிக்கிறது.

நீங்கள் தளர்ந்தால் யார் கவனிப்பார்கள்? கூட்டமாகப் போனால் பின்னால் வருபவர் உங்கள் வண்டி லேசாக அலைவதைப் பார்த்து ஹார்ன் அடிப்பார். தனியாகப் போகும்போது அந்த வேலையையும் நீங்களேதான் பார்க்க வேண்டும், அதுவும் தளர்ந்துபோன மூளையை வைத்துக்கொண்டு. 90 கிமீ வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறோம். நான்கு நொடி கண் அயர்ந்தால் 100 மீட்டர் ஆள் இல்லாத வண்டி.

வழியில் நின்றுவிட்டால்? பஞ்சர், அறுந்த கிளட்ச் கேபிள், செத்த பேட்டரி. உங்களால் எதைச் சரிசெய்ய முடியும், எதற்கு இன்னொருவர் வேண்டும் என்பதை நேர்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ட்யூப் போட்ட டயர் என்றால் சாலையோரத்தில் சக்கரத்தைக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும். ட்யூப்லெஸ் என்றால் பஞ்சர் கிட்டும் சின்ன பம்ப்பும் போதும்.

மொத்தச் செலவு. பெட்ரோல், தங்கும் அறை மட்டும் செலவு அல்ல. டயர் தேய்மானம், செயின், ஆயில், விடுப்பு நாட்கள், வீடு சேர்ந்த பிறகு படுத்துக் கிடக்கும் நாட்கள் எல்லாம் சேரும்.

வானிலையும் பகல் வெளிச்சமும் இருக்கின்றன. அவற்றை அந்தந்த வழியோடு சேர்த்தே சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | மூன்று நாள் ஓட்டம் | ஏழு நாள் ஓட்டம் | வண்டியை அனுப்புவது | பாதி ஓட்டம் |
|---|---|---|---|---|
| ஒரு நாள் தூரம் | 800 கிமீ | 400 கிமீ (6 நாள்), ஒரு நாள் ஓய்வு | இல்லை | 400 கிமீ (3 நாள்) |
| சீட்டில் இருக்கும் நேரம் | 12 மணி நேரத்துக்கு மேல் | 6 முதல் 8 மணி நேரம் | இல்லை | 6 முதல் 8 மணி நேரம் |
| இருட்டில் ஓட்டுவது | தவிர்ப்பது கடினம் | தேவையே இல்லை | இல்லை | தேவையே இல்லை |
| தங்கும் இரவுகள் | 2 | 6 | பயணத்தைப் பொறுத்தது | 2 அல்லது 3 |
| ஒரு நாள் மழை பிடித்தால் | திட்டம் உடைந்தது | ஓய்வு நாளில் சரியாகும் | கவலை இல்லை | ஏற்றும் நாள் தள்ளிப்போகும் |
| பைக் கையில் கிடைப்பது | நீங்கள் சேரும்போதே | நீங்கள் சேரும்போதே | சில நாள், சில நேரம் வாரங்கள் | பிறகு வந்து சேரும் |
| கண்ணில் படாத செலவு | சேர்ந்த பின் இழக்கும் நாட்கள், கூடுதல் பெட்ரோல் | விடுப்பு, அறை வாடகை | கீறல், காத்திருப்பு, காப்பீட்டு ஓட்டை | இரண்டு முறை ஏற்பாடு |

## வழி 1: மூன்று நாளில் அடித்துப் போவது

பெரும்பாலானோர் மனதில் முதலில் வருவது இதுதான். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் காலை வீட்டில். தாளில் அழகாக இருக்கும்.

800 கிமீயை 65-ஆல் வகுத்தால் 12 மணி நேரம் 20 நிமிடம். பெட்ரோலுக்கு மூன்று நிறுத்தம், இரண்டு வேளைச் சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) எல்லாம் சேர்த்தால் 15 மணி நேரம். காலை 5 மணிக்கு எழுந்து ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு 9 மணிக்கு இறங்குவீர்கள். தேடி அறை எடுத்துக் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது 11. அடுத்த நாளும் இதே கதை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட எல்லையே அதுதான். மூன்றாம் நாள் மாலையில் நீங்கள் ஒரு சொட்டும் குடிக்காமல் அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், அதுவும் முந்தைய இரண்டு இரவு அரைத் தூக்கத்தோடு.

அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது 1609 கிமீ, ஓட்டியவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது, அப்படியிருக்க 800 என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சவாலில் இறங்குபவர்கள் அதற்கென்றே சீட்டை மாற்றி, பாதையைப் பார்த்து, பெட்ரோல் நிறுத்தங்களைக் குறித்துவைத்து, நன்றாகத் தூங்கி எழுந்து கிளம்புகிறவர்கள். அது ஒரு நாள். அறையைக் காலி செய்த களைப்போடு, பின்சீட்டில் வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் தொடர்ந்து போவது வேறு விஷயம்.

வேகத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. 800 கிமீ நாளில் நேரத்தைப் பிடிக்க முள்ளை 110-க்குத் தள்ளத் தோன்றும். 80-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெட்ரோல் அந்த அளவுக்குக் கூடாவிட்டாலும், டேங்க் எதிர்பார்த்ததற்கு முன்பே காலியாகும், இன்னொரு நிறுத்தம் கூடும், மிச்சம் பிடித்த நேரத்தில் பாதி அங்கே போய்விடும். காற்றில் குளிரும் எஞ்சினை நாள் முழுக்க உயர் ஆர்பிஎம்மில், அதாவது அதிகச் சுழற்சி வேகத்தில், வைத்தால் ஆயிலும் கொஞ்சம் குடிக்கும். காலையில் ஆயில் அளவைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நேர்சாலையில் நீண்ட நேரம் ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அது வீட்டுக்குப் போய் முதல் வளைவில் சாயும்போதுதான் தெரியும்.

யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே ஒரே நாளில் 600, 700 கிமீ பல முறை ஓட்டியவர், காற்றைத் தடுக்கும் பெரிய டூரிங் பைக் வைத்திருப்பவர், வழி முழுக்க வேகநெடுஞ்சாலை, நீண்ட பகல் உள்ள மாதம், போய்ச் சேர்ந்த மறுநாள் எந்த வேலையும் இல்லை. இத்தனையும் சேர்ந்திருந்தால் சரி. முதல் நெடும்பயணமே இதுவாக இருந்தால் எனக்குச் சம்மதம் இல்லை.

## வழி 2: ஆறு நாள் ஓட்டம், ஒரு நாள் கையிருப்பு

என் மனம் இந்தப் பக்கம்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாளுக்கு 400 கிமீ என்றால் ஆறு முதல் எட்டு மணி நேரம் சீட்டில். விடிந்ததும் கிளம்பினால் மாலை 4 மணிக்குள் இறங்கிவிடலாம். பிற்பகல் 2 முதல் 4 வரை உடம்பு தானாகவே மந்தமாகும் நேரம். அதற்குள் நாளின் பெரும்பகுதி முடிந்திருக்கும். மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு இன்னொரு ஆதாயம்: மாலைச் சூரியன் நேராகக் கண்ணில் விழும் நேரத்தில் நீங்கள் சாலையில் இருக்க மாட்டீர்கள். கிழக்கு நோக்கிப் போகிறவர்கள் காலையில் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம், ஒன்றும் குடி முழுகாது.

வெளிச்சத்தில் இறங்குவதால் கிடைக்கும் பெரிய லாபம் வண்டியைப் பார்க்கும் நேரம். என் வழக்கம் இது: அறைச் சாவியை வாங்கிய உடனே உள்ளே போக மாட்டேன். எஞ்சின் சூடு இருக்கும்போதே செயினைத் துணியால் துடைத்து, எஞ்சினை அணைத்து வைத்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி லூப் அடிப்பேன். சூடான செயினில் லூப் உள்ளே இறங்கும், ராத்திரி முழுக்க ஊறும். 500 கிமீக்கு ஒரு முறை என்று வைத்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் நான்கைந்து முறை அடிக்க வேண்டும். ஒருமுறை அப்படிச் சுற்றும்போதுதான் பின்டயரின் பள்ளத்தில் ஒரு ஆணியின் தலை மின்னியது. கட்டை விரலால் தடவினால் குளிர்ச்சியாக, வழுவழுவென்று, வட்டமாக இருந்தது. காற்று இன்னும் முழுதாக இறங்கவில்லை. வெளிச்சம் இருந்தது, பக்கத்தில் பஞ்சர் கடை திறந்திருந்தது, அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அதே ஆணியை இரவு பத்து மணிக்கு, கண் எரிய, நான் பார்த்திருக்கவே மாட்டேன். மறுநாள் காலை 90-இல் போகும்போது அது தன்னைக் காட்டியிருக்கும்.

இந்த வழியின் உயிர் அந்த ஏழாவது நாள். அதை எங்கே செலவழிப்பது என்று முன்கூட்டியே குறிக்காதீர்கள். மழைக்கு வேண்டியிருக்கலாம், வயிற்றுக்கு வேண்டியிருக்கலாம், கிளட்ச் கேபிள் வரக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். நீண்ட வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து முதல் அரை மணி நேரம் ரொம்ப வழுக்கும். கையிருப்பு நாள் உள்ளவர் அந்த நேரத்தில் பெட்ரோல் பங்கில் ஒதுங்கி நிற்பார். அது இல்லாதவர் ஓட்டிக்கொண்டிருப்பார்.

தனியாகப் போவதன் இனிமையும் இந்த வழியில்தான் கிடைக்கும். நின்ற இடத்தில் நிற்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். மூன்றாம் நாளுக்குப் பிறகு மனது சாலையின் வேகத்துக்கு இறங்கிவரும். விட்டு வந்த ஊரும் அங்கிருந்த மனிதர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போவதை உணரலாம்.

இனிச் செலவு. ஆறு இரவு அறை வாடகை, கூடுதல் வேளைச் சாப்பாடு, ஏழு நாள் விடுப்பு. சேமிப்பு என்று நினைத்து இதில் இறங்கினால் ஏமாறுவீர்கள். கூட்டிப் பார்த்தால் பல நேரம் வண்டியை அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலில் வருவதைவிட அதிகமாகவே ஆகும்.

காதை மறக்காதீர்கள். 100 கிமீ வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டும். 94 டெசிபலில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவு. நாம் ஆறு நாள் அதற்குள்ளேயே குடியிருக்கப் போகிறோம். நுரை காதடைப்பான் ஒரு ஜோடி காதைக் காப்பதோடு, மாலையில் வரும் களைப்பையும் குறைக்கும். காற்று நுழையாத உடையும் முக்கியம்: 5 டிகிரி செல்சியஸ் குளிரில் 80-இல் போனால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 3 போலப் படும். வெப்பம் 37-ஐத் தாண்டினால் கதை தலைகீழ். அப்போது காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடேற்றும். ஜாக்கெட்டைத் திறந்துவிடாமல், உள்சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு, குடிக்கும் தண்ணீரைக் கூட்டுங்கள். போனை ஹேண்டில்பாரில் மாட்டுபவர்கள் அதிர்வை உறிஞ்சும் மவுண்ட் வாங்குங்கள். பெரிய எஞ்சினின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது.

தளர்ச்சிக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்: கடந்த ஐந்து கிலோமீட்டர் நினைவில் இல்லை, ஒரு பெயர்ப்பலகையைத் தவறவிட்டேன், கியர் முரட்டுத்தனமாக விழுந்தது, பிரேக்கைத் தாமதமாகப் பிடித்தேன். இவற்றில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு நடந்தால் அடுத்து வரும் ஊரில் நாள் முடிந்தது, எத்தனை கிலோமீட்டர் ஆகியிருந்தாலும் சரி. வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவைப்பேன்: மாலை 7 மணிக்குள் என் செய்தி வராவிட்டால் கூப்பிடு, 9 வரை பதில் இல்லாவிட்டால் நான் கடைசியாகச் சொன்ன ஊரில் விசாரி.

யாருக்குப் பொருந்தும்? விடுப்பு இருப்பவர், வீட்டில் நகராத தேதி இல்லாதவர், நாளுக்கு 300 கிமீயாவது சில முறை ஓட்டிப் பழகியவர்.

## வழி 3: வண்டியை அனுப்பிவிட்டு நீங்கள் தனியே போவது

இதைத் தோல்வி என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வீட்டில் தேதி இருக்கிறது என்றால் இதுவே முதல் தேர்வு. டயர் தேய்ந்து, பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் சுற்றும் பல்சக்கரத்தின்) பற்கள் கூராகி நிற்கும் வண்டிக்கும் இதுவே சரி. வழியில் பனியோ பெருமழையோ உள்ள மாதம் என்றாலும் அப்படித்தான்.

ஆனால் பேசிய தொகையோடு முடிவதில்லை. பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கிடங்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது எல்லாம் தனித்தனியாக வரும். சொன்ன நாளில் வராது; லாரி நிரம்பும்வரை வண்டி கிடங்கில் நிற்கும். நான் அனுப்பியபோது சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. டேங்கின் இடது பக்கத்தில், கயிறு உரசிய இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் பால்வெள்ளையாக மங்கியிருந்தது. ஒரு இண்டிகேட்டர் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றும்போது தேதியோடு எடுத்த படங்கள் இருந்ததால் இழப்பீடு பேச முடிந்தது.

அதனால் அனுப்புகிறவர்கள் இவற்றைச் செய்யுங்கள்: நான்கு பக்கமும் ஓடோமீட்டரும் தெரியப் படம், டேங்கில் பெட்ரோலை வடித்துவிடுவது, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது, கண்ணாடிகளைக் கழற்றித் துணியில் சுற்றிக் கையில் எடுத்துப்போவது, கயிறு படும் இடங்களில் நீங்களே ஃபோம் வைப்பது. வண்டியோடு சேர்த்து டாப் பாக்ஸில் சாமான் வைக்காதீர்கள். அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். லாரியில் ஏறிய வண்டிக்கு உங்கள் வழக்கமான காப்பீடு பொருந்துமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பல நேரம் வழிப்பயணக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வந்து இறங்கியதும் கையெழுத்துப் போடுவதற்கு முன் சுற்றிப் பாருங்கள்.

## வழி 4: பாதி தூரம் ஓட்டி, பாதி ஏற்றிவிடுவது

வழியில் ஒரு பகுதி அழகாகவும் இன்னொரு பகுதி வெறும் வெயிலும் லாரியுமாக இருந்தால் யோசிக்கலாம். விடுப்பு நான்கு நாள்தான் என்றாலும் சரி. ஆனால் நடுவில் வண்டியை ஏற்றிவிடும் ஊர் பெரிய ஊராக, கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்த இடமாக இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஊரில், களைத்துப்போய், யாரிடம் வண்டியை ஒப்படைப்பது என்று தேடும் நிலைக்குப் போகாதீர்கள். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாவற்றையும் அதன்பின் நீங்கள்தான் சுமக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## ஓட்டுவது என்று முடிவு செய்தவர்களுக்கு, கடைசி நாள் பற்றி

எந்த வழியில் ஓட்டினாலும் நான் அதிகம் அஞ்சுவது கடைசி நாளைத்தான். பழகிய பெயர்ப்பலகைகள் வரத் தொடங்கும். மொழி மாறும், அல்லது பேச்சின் ஓசை மாறும். உடம்பு இன்னும் சாலையில் இருக்கும்போதே மனது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். என் முதல் பயணத்தில் வீட்டுக்கு 90 கிமீ இருக்கையில் இருட்டிவிட்டது. நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த சாலை என்று நம்பினேன். நான் ஊரில் இல்லாத காலத்தில் அங்கே ஒரு வேகத்தடை முளைத்திருந்தது, பெயின்ட் அடிக்கவில்லை. வண்டி எகிறி இறங்கியதில் பின்னால் கட்டியிருந்த பை அறுந்து விழுந்தது. நான் விழவில்லை. இறங்கி ஓரத்தில் நின்றபோது முழங்கால்கள் நடுங்கியது அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அறுந்த கயிற்றைத் திரும்ப முடிச்சுப் போட விரல்கள் ஒத்துழைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஓட்டி வந்த இரண்டு முறையும், ஓட்டிச் சேர்ந்துவிட முடியும் என்ற நிலையிலும், வீட்டுக்கு நூறு நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கும்போது கடைசி இரவுக்கு அறை எடுத்தேன். அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்குக் காலையில் பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொன்னேன். இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு எதற்கு அறை என்று கேட்டாள். கீழே போய்ச் செயினுக்கு லூப் அடித்துவிட்டு வந்து படுத்தேன்.